எஞ்சினுக்குள் போல்ட் முறிந்துவிட்டதா? பில்லை ஏற்றுவது இரண்டாவது முறிவுதான்

"சார், போல்ட் உள்ளேயே முறிஞ்சிடுச்சு. ஹெட்டை இறக்கணும்."

காரை சர்வீஸுக்கு விட்ட நாளில் இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். காலையில் பேசியது ஸ்பார்க் பிளக் மாற்றும் வேலை, அல்லது சைலன்சர் பக்கம் வரும் சத்தத்தை நிறுத்தும் வேலை. மதியத்துக்குள் பேச்சு எஞ்சினைப் பிரிப்பது வரைக்கும் போய்விடுகிறது. சரி என்பதா, வேண்டாம் என்பதா, வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போவதா? யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். முறிந்த போல்ட்டை எடுக்க எளிய வழியிலிருந்து கடினமான வழி வரை ஒரு வரிசை இருக்கிறது. ஹெட்டை இறக்குவது அந்த வரிசையின் கடைசியில் வருவது. அவசரத்தில் தவறான கருவியை உள்ளே விட்டு, அதுவும் முறிந்துபோனால்தான் நேராகக் கடைசிப் படிக்குப் போக வேண்டிவரும். அந்த வரிசை எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பார்ப்போம்.

எந்தப் பாகங்கள் அடிக்கடி முறிகின்றன?

எஞ்சினில் மரை போட்டு இறுக்கிய பாகங்கள் ஏராளம். அவற்றில் பட்டறைகளுக்குத் தலைவலி தருபவை முக்கியமாக நான்கு:

• எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்: புகை வெளியேறும் குழாயை ஹெட்டோடு பிடித்திருக்கும் கம்பி. பல கார்களில் இது எம்8 அளவு, அதாவது 8 மி.மீ. விட்டம்.

• ஸ்பார்க் பிளக்: பெட்ரோல், சிஎன்ஜி கார்களில். மேலே இருக்கும் ஆறுபட்டைத் தலையும் பீங்கானும் கையோடு வந்துவிடும். மரை இருக்கும் இரும்பு வளையம் உள்ளேயே தங்கிவிடும்.

• குளோ பிளக்: டீசல் எஞ்சினைக் குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் மெல்லிய ஹீட்டர். நான்கிலும் மிகவும் நோஞ்சான் இதுதான்.

• சின்ன எம்6 போல்ட்கள்: வால்வு கவர், தெர்மோஸ்டாட் கவர் போன்ற இடங்களில் இருப்பவை.

ஏன் இப்படி இறுகிப்போகிறது?

முதல் காரணம் துரு. இரும்பு துருவாக மாறும்போது, கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. அங்கே துரு உப்பினால் ஆப்பு அடித்த மாதிரிதான். மும்பை, கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை வேகப்படுத்தும்.

இரண்டாவது, உலோகங்களின் சேர்க்கை. இன்றைய கார்களில் ஹெட் பெரும்பாலும் அலுமினியம், போல்ட் எஃகு. இரண்டும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி செயல்பட்டு, அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அப்போது உருவாகும் வெள்ளைப் பொடி மரையை அடைத்துவிடும்.

மூன்றாவது, சூடும் கரியும். எக்ஸாஸ்ட் ஸ்டட் ஒவ்வொரு பயணத்திலும் பழுக்கச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிறது. பிளக்குகளின் கீழ்முனையோ எரியும் அறைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருப்பதால் அதைச் சுற்றிக் கரி படிகிறது.

குளோ பிளக்குக்கு இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் ஊரில் அது கெட்டுப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், யாரும் கவனிப்பதில்லை. டெல்லியிலோ பஞ்சாபிலோ ஜனவரிக் காலையில்தான் பிரச்சினை தெரியவரும். வருடக்கணக்கில் யாரும் தொடாத பிளக்கை முதல்முறையாகத் திருகும்போது அது வராமல் அடம்பிடிக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிமுறை வந்தபோது மாருதி சுசுகி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. அப்படியென்றால் இன்று ஓடும் அந்த நிறுவனத்தின் டீசல் கார்கள் எல்லாமே வயதானவை. அவற்றின் குளோ பிளக்குகளும்தான்.

எவ்வளவு பலம் கொடுத்தால் முறியும்?

போல்ட்டைத் திருகும் விசையை நியூட்டன் மீட்டர் என்ற அலகில் அளக்கிறார்கள். பொதுவாக இறுக்க வேண்டிய அளவுகள் இவை:

• எம்6 போல்ட் (8.8 தரம்): சுமார் 10
• எம்8 போல்ட் (8.8 தரம்): சுமார் 25
• 14 மி.மீ. ஸ்பார்க் பிளக், அலுமினிய ஹெட்டில்: 25 முதல் 30
• எம்8 குளோ பிளக்: முறியும் வரம்பே சுமார் 20
• எம்10 குளோ பிளக்: முறியும் வரம்பு சுமார் 35

இப்போது மனிதக் கையைக் கணக்கில் எடுப்போம். 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியை 20 கிலோ விசையில் இழுத்தால் போல்ட்டில் விழுவது கிட்டத்தட்ட 59 நியூட்டன் மீட்டர். 20 கிலோ என்பது பெரிய பலமே இல்லை. ஒரு கேன் தண்ணீரைத் தூக்கும் அளவுதான். அதுவே எம்8 குளோ பிளக்கின் முறிவு வரம்பைப் போல மூன்று மடங்கு. ஸ்பேனருக்குப் பின்னால் பைப் சொருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் விசையும் இரட்டிப்பாகும். வராத போல்ட்டுக்குப் பைப் போடுவது பட்டறைகளில் சகஜம். சின்ன போல்ட்கள் முறிவதும் அதனால்தான்.

முறிந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

வேலையை நிறுத்த வேண்டும். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் செலவைக் கட்டுப்படுத்துவது இந்த ஒரு முடிவுதான்.

முறிந்த இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கையோடு வந்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதை வைத்து உள்ளே எவ்வளவு நீளம் மாட்டியிருக்கிறது என்று கணக்கிடலாம். ஏன் முறிந்தது என்பதற்கும் அதுதான் சாட்சி. பிளக் முறிந்திருந்தால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கவே கூடாது. பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும்.

அடுத்த கேள்வி: துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மட்டத்தோடு இருக்கிறதா, குழிக்குள் போய்விட்டதா? எந்த வழியில் எடுப்பது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

எடுக்கும் வழிகள் என்னென்ன?

1. ஊறவைத்து, சூடாக்கி, முன்னும் பின்னும் திருகுவது

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இதுதான் முதல் முயற்சி. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட வேண்டும். ஐந்து நிமிடத்தைவிட ஓர் இரவு நல்லது. பிறகு ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்குவார்கள்.

சூடு ஏன் உதவுகிறது? ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 14 மி.மீ. துளையை 100 டிகிரி சூடாக்கினால், துளைக்கும் பிளக்குக்கும் இடையே கூடுதலாகக் கிடைக்கும் இடம் சுமார் 0.015 மி.மீ. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவுதான். ஆனால் துருவின் பிடியைத் தளர்த்தவும், எண்ணெய் உள்ளே இறங்கவும் அதுவே வழிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. எஃகு மாதிரி அலுமினியம் சிவந்து காட்டாது. சுமார் 660 டிகிரியில் நிறம் மாறாமலே உருகிவிடும். பெட்ரோல் குழாயும், இப்போது அடித்த ஸ்ப்ரேயும் பக்கத்தில் இருக்கும்போது நெருப்பு விளையாட்டல்ல.

சூடாக்கியபின் ஒரேயடியாகத் திருகக் கூடாது. கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி என்று போனால் துருத்தூள் மரையிலிருந்து உதிரும்.

2. மேலே நட்டு வைத்து வெல்டிங்

மட்டத்தோடு முறிந்த எஃகு ஸ்டட்டுக்கு அனுபவசாலிகள் தேர்ந்தெடுக்கும் வழி இது. முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் செய்து இரண்டையும் ஒன்றாக்குவார்கள். எஃகு வெல்டிங் அலுமினியத்தோடு ஒட்டாது என்பதால் ஹெட் தப்பிக்கும். ஸ்டட் மட்டும் கடும் சூடாகி ஆறும்போது துருவின் பிடியும் விட்டுப்போகும். முதல் முறை நட்டு பிய்ந்து வந்தாலும் மறுபடி வைக்கலாம்; துளைக்குச் சேதமில்லை. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காரின் கம்ப்யூட்டர் பெட்டி பாதிக்கப்படலாம்.

3. நடுவில் துளையிடுவது

வெல்டிங்குக்கு வசதியில்லாத இடத்தில் டிரில் வேண்டும். சென்டர் பஞ்ச் வைத்து மிகச்சரியாக நடுப்புள்ளியில் குறி போட்டு, சின்ன பிட்டில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட்கள் கிடைக்கின்றன. துளையிடும்போதே கழற்றும் திசையில் சுற்றுவதால் சில நேரம் துண்டு தானாகவே சுழன்று வெளியே வந்துவிடும்.

நடுப்புள்ளி தவறினால் என்ன ஆகும்? எம்8 மரைக்கான துளை 6.8 மி.மீ. அந்த பிட் 1 மி.மீ. விலகிப் போனால் ஒரு பக்கம் மரையையும் தாண்டி ஹெட்டின் அலுமினியத்துக்குள் 0.4 மி.மீ. வெட்டிவிடும்; எதிர்ப்பக்கம் போல்ட் துண்டு அப்படியே நிற்கும். எஃகைவிட அலுமினியம் மென்மை என்பதால் பிட் அந்தப் பக்கமே சாயும். அனுபவமுள்ள கை இங்கேதான் தேவை.

4. எக்ஸ்ட்ராக்டர்

பட்டறைகளில் "ஈஸி அவுட்" என்று சொல்லப்படும் கருவி. துளைக்குள் விட்டு இடதுபக்கம் திருகினால் கவ்விக்கொள்ளும் சுருள் முனை. பெயரில்தான் ஈஸி இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கம்பி முறுக்கைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் பலம் எட்டில் ஒரு பங்குதான். எம்8 போல்ட்டின் உட்பகுதி சுமார் 6.6 மி.மீ. அதற்குள் விடும் எக்ஸ்ட்ராக்டரின் முனை 4 மி.மீ. என்றால், ஒரே தர எஃகாக இருந்தால் தாங்கும் பலம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். எக்ஸ்ட்ராக்டர் கடினமான எஃகுதான், ஆனால் இந்த இடைவெளியை அது முழுசாக ஈடுகட்டுவது கஷ்டம். தடியான போல்ட்டையே முறித்த பிடியை அதைவிட மெல்லிய கம்பியால் வெல்லப் பார்க்கிறோம். போதாததற்கு, சுருள் முனை உள்ளே இறங்க இறங்கத் துண்டை விரித்து இன்னும் இறுக்கமாக்கும்.

அதனால்தான் எக்ஸ்ட்ராக்டர் உள்ளேயே முறிகிறது. தலைப்பில் சொன்ன இரண்டாவது முறிவு இதுதான். முதலில் முறிந்த போல்ட்டை டிரில் வெட்டும். கடினமாக்கப்பட்ட எக்ஸ்ட்ராக்டரை சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது. இறுக்கி இறுக்கியே முறித்த போல்ட்டுக்கு துரு அவ்வளவாக இருக்காது, அங்கே எக்ஸ்ட்ராக்டர் நன்றாக வேலை செய்யும். துருப்பிடித்து இறுகியதற்கு ஊறவைக்காமல், சூடாக்காமல் அதை எடுப்பது ஆபத்து.

5. முழுசாகத் துளையிட்டுப் புது மரை போடுவது

எதுவும் நகராவிட்டால் துண்டை முழுக்க டிரில் செய்து எடுத்துவிட்டு, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, "ஹெலிகாயில்" என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருளைப் பதிப்பார்கள். அதற்குள் பழைய அளவு போல்ட்டே பொருந்தும். இது ஒட்டுப்போட்ட வேலை என்று தயங்க வேண்டாம். சரியாகப் போட்டால் வெறும் அலுமினிய மரையைவிட இது உறுதியாகவே இருக்கும்.

6. ஸ்பார்க் எரோஷன்

எக்ஸ்ட்ராக்டரோ டேப்போ உள்ளே முறிந்திருந்தால் கடைசி வழி. மின்பொறிகளால் கடின எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்கும் இயந்திரம் இது. புனே, லூதியானா, ராஜ்கோட், கோவை போன்ற தொழில் நகரங்களில் அச்சு, டை செய்யும் பட்டறைகளில் இந்த வசதி உண்டு. ஆனால் பொதுவாக ஹெட்டைக் கழற்றி அங்கே எடுத்துப் போக வேண்டும்.

பிளக் முறிந்தால் மட்டும் ஏன் தனிக் கவனம்?

ஸ்டட் துளைக்குப் பின்னால் பெரும்பாலும் சுவர் இருக்கும். பிளக் துளைக்குப் பின்னால் சிலிண்டரே திறந்திருக்கிறது. விழும் ஒவ்வொரு துகளும் பிஸ்டன்மேல்தான் போய் உட்காரும். அதனால் பிட்டிலும் டேப்பிலும் கிரீஸ் தடவித் துகள்களைப் பிடிப்பார்கள், மெல்லிய குழாயால் உறிஞ்சுவார்கள், கடைசியில் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கேமரா இல்லாமல் "எல்லாம் கிளீன் சார்" என்றால் நம்ப வேண்டாம்.

ஸ்பார்க் பிளக்கில் ஒரு நல்ல செய்தி: பீங்கானை எடுத்துவிட்டால் மீதி வளையத்தின் நடுவில் துளை ஏற்கனவே இருக்கிறது. விட்டமும் பெரிது. அதனால் இங்கே பெரிய எக்ஸ்ட்ராக்டர் போடலாம். குளோ பிளக் அப்படியில்லை. மெல்லியது, ஆழமான குழிக்குள் இருப்பது. வழிகாட்டிக் குழாயோடு வரும் தனி கருவித்தொகுப்பு இல்லாத பட்டறையில் அதைத் தொடவிடாமல் இருப்பதே மேல்.

பொறுமை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் பெயர்போன உதாரணம் ஒன்று உண்டு. ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் 2004 முதல் வந்த 5.4 லிட்டர், 3 வால்வு எஞ்சினில் பிளக்கின் கீழ்ப்பகுதி நீண்ட குழலாக, தனியாகச் செய்து இணைக்கப்பட்டிருந்தது. கரி பிடித்து அந்தக் குழல் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ள, திருகினால் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. கடைசியில் ஃபோர்டு நிறுவனமே டெக்னீஷியன்களுக்குத் தனிச் செயல்முறை வெளியிட்டது: லேசாக இளக்கு, கார்புரேட்டர் கிளீனரை ஊற்று, குறைந்தது 15 நிமிடம் காத்திரு, பிறகு மெதுவாகத் திருகு.

ஹெட்டை இறக்கினால் பில் ஏன் எகிறுகிறது?

ஒரு போல்ட்டுக்காக ஹெட்டை இறக்கினாலும் அதைச் சார்ந்த செலவு எல்லாம் கூடவே வரும். புது ஹெட் கேஸ்கெட், கூலன்ட், ஆயில், டைமிங் பெல்ட் அல்லது செயினைக் கழற்றி மாட்டும் கூலி, ஹெட் மட்டமாக இருக்கிறதா என்ற சோதனை. பல புதிய எஞ்சின்களில் ஹெட் போல்ட்களையே மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதிதாக வாங்க வேண்டும்.

இருந்தாலும் சில நேரம் இறக்குவதுதான் சரி: சிலிண்டருக்குள் துண்டு விழுந்து எடுக்க முடியாதபோது, கடின எஃகு உள்ளே மாட்டியபோது, டிரில் நேராக நுழைய இடமே இல்லாதபோது. மெக்கானிக் சொல்வது இதில் எது என்று கேளுங்கள்.

அப்படியே விட்டுவிட்டு ஓட்டலாமா?

எக்ஸாஸ்ட் ஸ்டட் ஒன்று போனாலும் வண்டி ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் குறையும் சத்தம் இதன் அறிகுறி. ஆனால் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் வாசனையும் இல்லாத விஷவாயு. எஞ்சின் பக்கத்திலிருந்து காருக்குள் அது வர வாய்ப்பிருப்பதால் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றி ஓட்டும் காரில் தள்ளிப்போடக் கூடாது. ஸ்பார்க் பிளக் மரை சேதமாகியிருந்தால் ஓட்டவே வேண்டாம். எரியும் அழுத்தத்தில் பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம்.

தப்பு யாருடையது?

பெரும்பாலான சண்டை இங்கேதான். கையோடு வந்த துண்டின் முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து, மீதி மட்டும் பளிச்சென்று இருந்தால், விரிசல் முன்பே விழுந்துவிட்டது. இன்று மிச்சம் போயிருக்கிறது. முகம் முழுக்கப் புதிதாக இருந்தால் இன்றுதான் முறிந்தது. அதுவும் மெக்கானிக்கின் அலட்சியம் என்று உடனே சொல்லிவிட முடியாது. மரையில் துரு அப்பியிருந்தால் எவ்வளவு கவனமாகத் திருகினாலும் முறியலாம். முந்தைய சர்வீஸில் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். ஊறவைக்காமல் பைப் போட்டார்களா, பிளக்கில் ஏர் கன் வைத்தார்களா, சொல்லாமலேயே எக்ஸ்ட்ராக்டரை விட்டு முறித்தார்களா என்பதெல்லாம்தான் பொறுப்பைத் தீர்மானிக்கும்.

பில் கேட்பது உங்கள் உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக்கு பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அப்போது அந்த போட்டோவும் உடைந்த துண்டும் கைகொடுக்கும்.

முறியாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். பிளக்கை மாற்ற வேண்டிய கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். வழக்கமான சர்வீஸில் எஞ்சின் ஆறியபிறகே ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடான அலுமினிய மரை எளிதில் பிய்ந்துபோகும். வராமல் அடம்பிடிக்கும் பிளக்குக்கு மட்டும் மிதமான சூடு. குளோ பிளக்குக்கு எஞ்சின் சூடாக இருப்பதே நல்லது. மாட்டும்போது டார்க் ரெஞ்ச் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் மரையில் பேஸ்ட் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்கிறது என்ஜிகே நிறுவனம். வழுக்கலால் இறுக்கம் 20 சதவீதம் வரை மாறலாம் என்பது அதன் எச்சரிக்கை.

போன் வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. துண்டு வெளியே தெரிகிறதா, குழிக்குள் இருக்கிறதா? போட்டோ அனுப்ப முடியுமா?

2. இதுவரை என்னென்ன முயற்சி செய்தீர்கள்? ஊறவைத்தீர்களா, சூடாக்கினீர்களா?

3. உள்ளே வேறு கருவி ஏதும் முறிந்திருக்கிறதா?

4. வெல்டிங் வைத்து எடுக்க முடியுமா? உங்களிடம் வசதி இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் வரவழைக்கலாமா?

5. ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கூலி எவ்வளவு, உதிரிபாகம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், இன்னும் சில வழிகள் பாக்கி இருக்கின்றன. ஓர் இரவு ஊறட்டும் என்று சொல்லிவிட்டு, காலையில் முடிவெடுக்கலாம்.